தாங்கும் சூடு

என் மகனின் காலில் வெந்நீர் ஊற்றியது நான். அவன் மனைவி கொதிக்க வைத்தாள். பக்கத்தில் நின்றவர் ஊற்றச் சொன்னார். அவனே இன்னும் ஊற்றச் சொன்னான். ஆனாலும் செம்பு என் கையில்தான் இருந்தது. அந்தக் கால் இப்போது இல்லை. முழங்காலுக்கு நாலு விரல் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா ஒரு பேரும் வரக்கூடாது" என்றான். "பேர் போடாட்டாலும் தூத்துக்குடில தெரிஞ்சிரும்லா" என்றேன். "தெரிஞ்சா தெரியட்டும். உங்க கையால வரக்கூடாது." அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

நான் முப்பத்துநான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். படிக்காதவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச முடியாது. தெரிந்துதான் செய்தேன். அதைச் சொல்லவே இது.

என் அப்பா தோணியில் தண்டலாக இருந்தார். தோணி என்பது இங்கிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரக்கப்பல். தண்டல் அதன் தலைவர். ஐம்பது வயதைத் தாண்டியபோது அவர் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. எதில் இடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்கவில்லை என்றார். வலிக்காத புண்ணை அவர் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. நாற்றம் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை வியாதி என்றார்கள். பல வருடமாக இருந்திருக்கும் என்றார்கள். காலை எடுத்தார்கள்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு முடிக்கும் நிலையில் இருந்தேன். அக்காவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை ரத்தத்தில் இறங்கி வரும் நோய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பனுக்கு என்றால் மகளுக்கும் பேரனுக்கும் என்பார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்போது நான்தான் சொன்னேன்: "திருக்கை முள்ளு குத்திட்டுன்னு சொல்லுவோம்."

திருக்கை குத்தினால் எப்படி இருக்கும் என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரையோர மணலுக்குள் தட்டையாகப் புதைந்து கிடக்கும் மீன் அது. மிதித்துவிட்டால் வாலில் இருக்கும் முள்ளால் அடிக்கும். முள்ளில் விஷம் உண்டு. முப்பது வருடம் கடலில் கிடந்தவனும் பச்சைப் பிள்ளை மாதிரி அலறுவான்.

அப்பா கட்டிலில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, திருக்கை குத்திருந்தா நான் போட்ட சத்தத்துல ஊரே கூடிருக்குமே" என்றார்.

"சத்தம் போடாமத் தாங்கிட்டீங்கன்னு சொல்லிக்கிடுவோம்பா."

அவர் சிரித்தார். "அப்போ நான் பெரிய வீரந்தான்."

அக்கா கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒரு வருடமும் சில மாதங்களும் இருந்தார். அடக்கத்தின்போது மாதா கோவில் உபதேசியார், கடல் கொடுத்த காயத்தை ஒரு சொல் சொல்லாமல் சுமந்தவர் என்று பேசினார். கல்லறைத் தோட்டத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

வருடம் போகப்போக அந்தத் திருக்கை வளர்ந்தது. நான் சொன்னபோது அது சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பத்து வருடம் கழித்து யாரோ சொல்லும்போது அரிசி புடைக்கும் சுளகு அளவாகிவிட்டிருந்தது. என் மகன் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினான். அவன் கட்டுரையில் தாத்தா முள்ளைத் தன் கையாலேயே பிடுங்கி எறிகிறார். படித்துப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

எனக்குச் சர்க்கரை இருப்பதை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கவில்லை. நானே கண்டுபிடித்தேன். பெனடிக்ட் கரைசல் என்று ஒன்று உண்டு, நல்ல நீல நிறம். சர்க்கரை கலந்ததை அதில் விட்டுச் சூடாக்கினால் பச்சையாகும், மஞ்சளாகும், நிறைய இருந்தால் செங்கல் நிறமாகும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வுக்காக வருடா வருடம் செய்து காட்டுவேன். நாற்பத்து மூன்று வயதில் தாகம் அதிகமானது. வகுப்பு நடுவில் இரண்டு முறை வெளியே போக வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு என் சிறுநீரில் அந்தச் சோதனையைச் செய்தேன். பச்சை, மஞ்சள் எல்லாம் நின்று பார்க்கக்கூட நேரம் இல்லை. நேராகச் செங்கல் நிறத்துக்குப் போனது. சோதனைக் குழாயை மூன்று தரம் கழுவினேன்.

தூத்துக்குடியில் மருந்து வாங்கினால் தெரிந்துவிடும் என்று திருநெல்வேலிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மாத்திரைகளை வாயுத் தொல்லைக்கு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இறக்கும்வரை அப்படியே நம்பினாள். டீயில் சர்க்கரையை நிறுத்தியதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மாதாவுக்கு நேர்ச்சை என்றேன். சாகும்வரை இனிப்பு தொடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன் என்று. எங்கள் பங்குச் சாமியார் ஒரு தவக்காலத்தில் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். நாற்பது நாளைக்குக்கூடப் பலரால் முடியாதபோது ஆயுள் முழுக்க ஒருவர் விட்டிருக்கிறார் என்று. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் உடம்பை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். இதில் எல்லாவற்றையும்விட அசிங்கமான பகுதி அதுதான். அளந்து சாப்பிட்டேன், தினமும் கடற்கரைச் சாலையில் நடந்தேன், செருப்பில்லாமல் வாசல்படி தாண்டியதில்லை. கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு வந்தபோது மதுரைக்குப் போய் லேசர் வைத்துக்கொண்டு, புரை எடுத்தேன் என்று வீட்டில் சொன்னேன். கால் பாதங்கள் மரத்துப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். எழுபத்தெட்டு வயதில் இரண்டு காலோடு இருக்கிறேன். நான் செய்ததை எல்லாம் என் மகனும் செய்திருந்தால் அவனும் இருந்திருப்பான். அவனிடம் நான் சொல்லவில்லை.

சொல்வதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. முதன்முதலாக அவன் கப்பலுக்குப் போகும்போது ஒரு படிவம் வந்தது. எங்கள் தெருவில் எல்லோருடைய படிவத்தையும் நிரப்புவது நான்தான், கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். உண்டு என்று எழுதியிருந்தாலும் அவன் வேலை போயிருக்காது, அவனுக்குத்தான் நோய் இல்லையே. இது பின்னால் தெரிந்தது. அன்று விசாரிக்கக்கூட இல்லை. பழகிய கை தானாக எழுதிவிட்டது.

கப்பலில் இருந்த வரைக்கும் அவனுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் உடம்பைச் சோதிப்பார்கள், நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் போதும் என்று கரைக்கு வந்து, கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்ட், சாமான்கள் கொடுக்கும் கடை வைத்தான். அன்றிலிருந்து நாற்காலிதான். மதியம் சோறு, ராத்திரி பொரிச்ச பரோட்டா. வருகிறவர்களுக்குக் கொடுக்க மேசையில் எப்போதும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்த மக்ரூன் இருக்கும், பேச்சு நடுவில் அவன் கையும் போகும். தொப்பை விழுந்தது. சிகரெட் கப்பல் காலத்திலேயே உண்டு. தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் குடிப்பதை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தாகம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வளாகத்தில் கண் முகாம் நடந்தது. இருவரும் போனோம். மேசையில் இருந்த பெண் அவனிடம் கேட்டாள்: "வீட்ல யாருக்காவது சுகர் இருக்காண்ணே? இருந்தா அந்த வரிசைல போய் ரத்தம் குடுங்க."

"எங்க வம்சத்துலயே கிடையாதும்மா" என்றான் மகன். "எங்கப்பாவைப் பாரு, எழுவது தாண்டியாச்சு. கல்லு மாரி இருக்காரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ரத்தம் கொடுக்கிற வரிசை எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் வெந்நீர் ஊற்றிய அந்த ஞாயிறு.

காலைப் பூசை முடிந்து அவனும் நானும் கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைவிட ஐந்து வயது இளையவர், மகனுக்கு மாமா முறை. அவன் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி ஒரு கை கொடுத்தான். வலை கரை ஏறியது. அவன் மேலே வந்தபோது மணலில் ரத்தம் வட்ட வட்டமாக விழுந்துகொண்டே வந்தது. அவனுக்குத் தெரியவில்லை. சம்மாட்டிதான் பார்த்தார்.

"ஏலே, காலப் பாரு! திருக்கை குத்திட்டுலா!"

மகன் காலைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலுக்கு முன்னால் ஒரு கிழிசல். "சிப்பி கிழிச்சிருக்கும் மாமா. வலிக்கல."

"சிப்பியா? அங்கன வலைல கெடக்கது என்னது, உங்க சின்னம்மையா?" வலைக்குள் ஒரு திருக்கை கிடந்தது உண்மைதான். "வாத்தியாரே, பாத்தீரா? தாத்தனுக்கும் பேரனுக்கும் ஒரே எழுத்து. அவரும் இப்பிடித்தான, ஒரு சத்தம் போடலியாமே!"

வலிக்கல என்று மகன் சொன்ன அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் எந்தச் சந்தேகமும் வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. திருக்கை குத்தினால் வலிக்காமல் இருக்காது. சிப்பி கிழித்தாலும் அந்த அளவுக்கு வலிக்காமல் இருக்காது. என் அப்பா தன் புண்ணைப் பற்றிச் சொன்ன அதே சொல். என் பாதங்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்கின்றன.

வீடு பக்கம்தான். நடந்தே வந்தோம், அவன் நொண்டவில்லை. சம்மாட்டியும் கூடவே வந்தார். "தாயீ, வெந்நி வையி" என்று குசினிக்குள் குரல் கொடுத்தார்.

திருக்கை விஷத்துக்கு எங்கள் கரையில் வெந்நீர்தான் வைத்தியம். அது தவறான வைத்தியம் இல்லை. அந்த விஷம் புரதம், முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் மாறுவது போல அதுவும் சூட்டில் கெட்டுவிடும். இதை வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சூடு என்று கேட்டால் கரைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: தாங்கும் சூடு. குத்துப்பட்டவன் போதும் என்கிற வரைக்கும் ஊற்றலாம். அவன் காலே அளவுகோல்.

மருமகள் பெரிய சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். பேசினில் ஊற்றிவிட்டு விரலை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தாள்.

"கை வைக்க முடியல மாமா. கொஞ்சம் பச்சத்தண்ணி கலக்கட்டா?"

அவள் கேட்டது என்னிடம். பதில் சொன்னது சம்மாட்டி. "கலக்காத தாயீ. சூடு கொறஞ்சா வெஷம் எறங்காது. தாங்குதான்னு அவன்ட்ட கேளு."

மகன் காலை வைத்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தாங்குதாலே?"

"ஒண்ணும் தெரியல மாமா. ஊத்துங்கப்பா."

சட்டியில் மிச்சம் இருந்ததைச் செம்பில் மொண்டு ஊற்றினேன். பேசினில் நான் கை வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்வது? உனக்குச் சர்க்கரை இருக்கலாம், கால் மரத்திருக்கலாம், எடு என்று சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். என் கால், என் அப்பாவின் கால், நேர்ச்சை, படிவம் எல்லாம் வெளியே வரும். பேத்திக்கு அந்த வாரம்தான் ஒரு வரன் பேசத் தொடங்கியிருந்தார்கள், சம்மாட்டிக்குச் சொந்தத்தில். அவர் அங்கேயே நிற்கிறார். இவ்வளவையும் இரண்டு செம்புக்கு நடுவில் யோசித்தேன். இன்னொரு செம்பு ஊற்றினேன்.

அந்த வரன் பிறகு நின்றுபோனது. பையன் குள்ளம் என்று பேத்தியே வேண்டாம் என்றுவிட்டாள்.

அரை மணி நேரம் வைத்திருந்தோம். காலை வெளியே எடுத்தபோது கணுக்கால் வரைக்கும் அவித்த இறால் நிறத்தில் இருந்தது. "தண்டல் பேரன்லா! வேற எவனும் இந்தச் சூட்டத் தாங்குவானா?" என்று சம்மாட்டி அவன் முதுகில் தட்டினார். மகன் சிரித்துக்கொண்டு காபி கேட்டான்.

சாயங்காலம் கொப்புளங்கள் எழும்பின. விஷம் வெளியே வருகிறது என்றார்கள். மறுநாள் காலுறையைக் கழற்றுவது மாதிரித் தோல் கழன்றது. அப்போதும் அவனுக்கு வலி இல்லை. மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சண்டை போட்டாள். "வலியே இல்ல, அதுக்கு எதுக்குளா டாக்டரு?" என்று கடைக்குப் போய்விட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இரண்டாம் நாளும் படித்தேன். மூன்றாம் நாள் வீட்டில் நாற்றம் வந்தது. ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் மோந்த நாற்றம். நாலாம் நாள் காய்ச்சலில் அவனுக்கு நினைவு தடுமாறியது.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் இளம்பெண். மகன் கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள், குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று.

"யாருக்கும் இல்ல மேடம். தாத்தாவுக்குக் கால் எடுத்தாங்க. அது திருக்கை குத்தி."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "திருக்கை குத்தியா காலை எடுத்தாங்க?" என்றாள். பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் வெளியே நடைபாதைக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் முதல் ஆளாக, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சார், இதை அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. கால் தப்பிவிட்டால் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தேன். அதற்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே ஒரு நேர்ச்சை நேர்ந்தேன். எந்த முகத்தோடு நேர்ந்தேனோ! முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. பிறகு, இனி விட்டால் உயிருக்கு ஆபத்து என்று, கால்.

கால் எடுத்துப் பத்தாம் நாள் சொன்னேன். மருமகள் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவின் கட்டிலில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"வெந்நி ஊத்தும்போது தெரியுமாப்பா?"

"தெரியும்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒற்றைக் காலோடு புரண்டு படுக்க அவனுக்கு அப்போது பழக்கமில்லை. நான் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாக்கியம் சொன்னான்: "இத யார்ட்டயும் சொல்லக்கூடாது. அவ கல்யாணம் முடியட்டும்." அவ என்றது பேத்தியை. நான் இருபது வயதில் சொன்னதை என் மகன் ஐம்பதில் எனக்குத் திருப்பிச் சொன்னான். பார்க்க வந்தவர்கள் மக்ரூன் பெட்டியோடு வந்தார்கள். எல்லோரிடமும் திருக்கை முள் என்றே சொன்னான். சர்க்கரை இருப்பது ஆஸ்பத்திரியில் எதேச்சையாகத் தெரிந்ததாகச் சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு அவன் பேசியது மிகக் குறைவு. சாப்பிட்டாச்சா என்பதுகூட மருமகள் வழியாகத்தான்.

ஆனால் மிச்சமிருக்கும் அந்த ஒரு காலைப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அவன் தடுக்கவில்லை. தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு காலை நீட்டுவான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பேத்தி என் அறைக்கு வந்தாள். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். அப்பாவின் சுகர் பார்க்கும் கருவி அவள் கையில் இருந்தது.

"தாத்தா, எனக்கு ஒரு குத்து குத்துங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான். இன்னும் ஒண்ணும் சாப்பிடல." அவள் கூந்தலைத் தூக்கி முடிந்தாள். பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருப்பதை வெகுநாளாகப் பார்த்து வருகிறேன். அவள் அம்மா அதை அழுக்கு என்று கடலைமாவு போட்டுத் தேய்ப்பாள். உடம்பில் சர்க்கரை தடுமாறத் தொடங்குவதற்கு அது ஒரு அடையாளம் என்று நான் படித்திருக்கிறேன். வழக்கம்போலப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

குத்தினேன். நூற்றுப் பதினெட்டு.

"கூடவா?"

பரவாயில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. "கூடத்தான். இன்னும் நோய் இல்ல. வாசல்ல நிக்கி" என்றேன். பிறகு அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகன் சொன்னதை அப்போதே மீறிவிட்டேன். அவள் விரலில் பஞ்சை அமுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ நேர்ச்சை?"

"பொய்."

"நான் அதச் சொல்லி எத்தன பேர்ட்ட பெருமையடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றாள். பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டாள். "சரி. நான் பாத்துக்கிடுதேன். இந்த நம்பர அப்பாட்டயும் அம்மாட்டயும் சொல்லாதீங்க. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வாராங்க. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினேன். அவள் போன பிறகு அதே நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இதை மறைக்கச் சொல்லும் நாலாவது ஆள் அவள். மகன் சாப்பிட்டு முடித்ததும் அவன் கட்டிலுக்குப் போய் நம்பரைச் சொன்னேன்.

அவன் என்னை நேராகப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் தரம். "எப்ப பாத்தீங்க?"

"காலைல."

"இன்னைக்குக் காலைலயா?"

"ஆமா."

"அப்போ சீக்கிரந்தான் சொல்லிருக்கீங்க" என்றான். குத்திக் காட்டினானா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவனே ஊன்றுகோலோடு ஆட்டோ ஏறி அவளை லேபுக்கு அழைத்துப் போனான். மாத்திரை இப்போது வேண்டாம், எடை குறைய வேண்டும், நடக்க வேண்டும் என்றார்கள். அவள் நடக்கிறாள். நான் நடக்கும் அதே சாலையில், என்னைத் தாண்டிப் போகும்போது காதில் பாட்டுக் கருவியைச் சரிசெய்துகொண்டு. சத்தியத்தை மீறிய அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். கூட ஓர் ஆளையும் அழைத்து வந்திருந்தார், பொண்ணு பார்க்க வரப்போகும் வீட்டாருக்கு உறவினர். வழக்கம்போல அந்தக் கதையைத் தொடங்கினார். திருக்கை இதற்குள் சுளகைத் தாண்டிவிட்டது.

"திருக்கை இல்ல மாமா" என்றான் மகன். "சுகரு. காலு மரத்துப் போயிருந்துச்சு. வெந்நில வெந்துபோச்சு. எங்க தாத்தாவுக்கும் சுகருதான். எங்கப்பாவுக்கும் இருக்கு."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. மருமகளுக்கே என் விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

சம்மாட்டி காபி டம்ளரை மேசையில் வைத்தார். "ஏலே, என் கண்ணால பாத்தேன்லே! வலைல கெடந்துச்சே! ஒங்க தாத்தா கதை எங்கப்பன் சொல்லி எனக்குத் தெரியும், நீ பொறக்கவே இல்ல!"

"அந்தக் கதைய உண்டாக்குனதே எங்கப்பாதான். கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆமா" என்றேன். "நான் சொன்ன பொய்."

அவர் காபியைக் குடித்து முடித்தார். கூட வந்தவர் மேசையிலிருந்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது சம்மாட்டி வாசலில் என் தோளைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாரே, காலு போனதுல பய மனசு கலங்கிட்டு. நீரும் அவனுக்காவ ஆமான்னு சொல்லுதீரு. பெத்த பாசம், எனக்குத் தெரியாதா? ஆனா வெளியாளு முன்னால இப்பிடி ஒளறக்கூடாது. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிடுதேன், திருக்கைதான்னு."

அந்த வீட்டார் வருவார்களா என்று இன்னும் தகவல் இல்லை. மருமகள் என் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். வீட்டில் என்னோடு இப்போது பேசுவது மகன் ஒருவன்தான். அதுவும் கால் கழுவும் நேரத்தில் மட்டும்.

தண்ணீரின் சூட்டைப் பார்க்க என் கையை நான் நம்புவதில்லை. விரல் நுனிகள் எனக்கும் மரக்கத் தொடங்கிவிட்டன. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நினைவாக வாங்கி வந்த ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்று அலமாரியில் இருந்தது. அதைத்தான் பேசினில் நிறுத்துகிறேன். இன்று காலையும் நிறுத்தினேன்.

"எவ்வளவு?" என்றான் மகன்.

"முப்பத்தாறு."

"காட்டுங்க" என்று வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, தானே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தான்.